ஈரம் படாத இடம்

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே பாதியில் எழுந்து போயிருப்பேன். ராக்கெட் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தூவும் தட்டைச் சோதிப்பது என் வேலை. தட்டு முழுக்கப் பொடித் துளைகள், எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தூவ வேண்டும், ஒரு பக்கம் பிசகினாலும் எஞ்சின் சுவரே உருகிவிடும். இதில் பேய்க்கு எங்கே இடம்?

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. பெரிய சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால், புதுத் தட்டோடு வந்த எங்கள் ஜீப் சங்கராபுரம் பக்கம் திரும்பி, கல்வராயன் மலையடிவாரத்தில் அங்கேயும் வழியில்லாமல் நின்றுவிட்டது. கூட வந்தவர் சேகர், அந்தத் துளைகளைப் போட்டவர். வழிநெடுக அவர் தட்டு இருந்த பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை, என்னைத் தொடவும் விடவில்லை. எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒதுங்க இடம் கொடுத்த விவசாயியின் கிணற்றையொட்டிய கொட்டகையிலேயே தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"என் மேல சந்தேகம், அதானே சார்? பாத்துக்குங்க" என்று சேகர் பெட்டியைத் திறந்தார்.

குழாய் வாயில் வடிகட்டத் துணி கட்டி, அதைத் தட்டோடு இணைத்து, தட்டை உத்தரத்தில் தொங்கவிட்டு, காற்று வராமல் கதவைச் சாத்தினோம். விவசாயி கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டார். பனி மாதிரி இறங்கியது தண்ணீர். தரை முழுக்க நனைந்தது, ஓர் இடத்தைத் தவிர.

"பாத்தீங்களா, துளை அடைச்சிருக்கு" என்றேன்.

சேகர் தட்டை அரைவட்டம் திருப்பினார். குறை தட்டில் இருந்தால் காய்ந்த இடமும் கூடவே திரும்பியிருக்க வேண்டும். அது அங்கேயே இருந்தது. மறுபடி திருப்பினார், அப்போதும் அங்கேயேதான். குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்கள், பக்கத்தில் பக்கத்தில், விரல் விரலாகத் தெரிந்தன.

கதவு இன்னும் சாத்தியே இருந்தது. கிணற்றடியிலிருந்து விவசாயியின் குரல் வந்தது: "இன்னா சார், எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கிறான்?"

சேகர் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "மலைப் பக்கம்ங்க."

"அப்ப பயமில்ல சார். ஆளுங்களப் பாத்துக்கினு நின்னாதான் கூடவே வந்துடுவான்." மோட்டார் நின்றது.

அந்தத் தட்டு பிறகு எல்லாச் சோதனையிலும் துளி பிசகாமல் தூவியது. சேகரை நான் அப்புறம் சந்தேகப்படவில்லை. ஆனால் அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இதுவரை கேட்கவும் இல்லை. அந்த விரல்கள் எங்களைப் பார்த்துத்தான் இருந்தன.