எறும்பையும் சேர்த்து வரைந்தவன்

மொரப்பூரில் புளி மண்டி, அரூரில் மாடி வைத்த கல்யாண மண்டபம், பாறையை உடைத்து இறக்கிய மூன்று கிணறுகள். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மூட்டை தூக்க வந்த நான் உண்டாக்கியவை இவை. கடன்காரன், போலீஸ், பாம்பு எதற்கும் பயந்ததில்லை. ஓர் எறும்புதான் என்னைப் பயப்படுத்தியது.

போன வருடம் ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் சித்தேரி மலையில் செடி சேகரித்துத் திரிந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கடிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், சம்பளம் வாங்காமல் செய்ய ஆறு பேர் இருக்கிறோம், உட்கார இடமில்லை என்றார். மண்டபத்து மாடி அறையைக் கொடுத்தேன். டீயும் கொடுத்தேன். நானும் கூடவே உட்கார்ந்துகொண்டேன்.

மேசையில் கடிதங்களின் பெரிய நகல்கள். ஏறக்குறைய எல்லாமே இரண்டிரண்டு: கிறுக்கிய முதல் பிரதி, பார்த்து எழுதிய சுத்தப் பிரதி. இரண்டும் துரை எழுதியதுதான் என்று எல்லோரும் நம்பினார்கள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு முதல் பிரதியில் எறும்பு ஒன்று மையில் நசுங்கி ஒட்டியிருந்தது. சுத்தப் பிரதியிலும் அதே இடத்தில் அதே எறும்பு. அது ஒட்டியதல்ல, பேனாவால் வரைந்தது. காலெல்லாம் சரியாக இருந்தது.

"டீச்சரம்மா, இத துரை எழுதலைங்க. படிக்கத் தெரியாதவன் எவனோ பாத்து வரைஞ்சிருக்கான்."

அந்த ஆறு பேரில் ஒருவர் பாங்கில் வேலை பார்த்தவர். சிரித்தார். "ஏங்க, ஏபிசிடி தெரியாம வெள்ளக்காரனுக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"படிச்சவங்க ஆறு பேரு ஒரு மாசமா உத்து உத்துப் பாத்தீங்களே, உங்க கண்ணுல பட்டுச்சுங்களா?"

பேனாவை வாங்கி என் இங்கிலீஷ் கையெழுத்தைப் போட்டுக் காட்டினேன். நடுவில் வேண்டாத பொட்டு ஒன்று இருக்கும். முதன்முதலில் என் பெயரை எழுதிக் கொடுத்த முதலாளியின் பேனா அங்கே சொட்டிவிட்டது. அதையும் எழுத்தென்று நினைத்து வரைந்து பழகினேன். இன்றுவரை பொட்டு இல்லாமல் என் செக் செல்லாது.

பாங்க்காரர் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

டீச்சர் கடிதக் கட்டை மறுபடி புரட்டினார். சுத்தப் பிரதிகள் ஒரு கடிதத்தோடு நின்றுபோயிருந்தன. அதற்கு அடுத்த கடிதத்தைப் படித்தபோது அவர் குரல் இறங்கியது. பிரதி எடுக்கும் ஆள் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டான், வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. அடுத்த வரி ஒரு பூவின் நிறம்.

"பேரு?" என்றேன்.

"போடலைங்கண்ணா."

அன்றிலிருந்து, பட்டப்பகலில் மண்டியில் கையெழுத்துப் போடும்போது பொட்டு வைக்கும் இடத்தில் என் கை நிற்கிறது. பின்னால் ஒருவன் குனிந்து பார்ப்பதுபோல் பிடரியில் மூச்சு படுகிறது. திரும்பினால் புளி மூட்டைதான். மாடி அறையில் காலி நாற்காலியை யாராவது இழுத்தால், 'அதுக்கு ஆள் வருது' என்று வாய் சொல்லிவிடுகிறது. மலைப் பக்கம் பார்த்தால், எந்த மேட்டில் புதைத்தார்களோ என்று கண் தேடுகிறது.

இப்போது கடிதங்கள் புத்தகமாக வரப்போகின்றன. முன்பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். ஆறு பேரின் பெயரும் இருக்கிறது. நான் 'இடமும் தேநீரும் அளித்தவர்'. அவன் எங்கேயும் இல்லை. பேர் தெரியாதவனை எப்படிங்க போடறது என்கிறார் பாங்க்காரர்.

போடத்தான் வேண்டும். சுத்தப் பிரதிகளை வரைந்தவன் வேறு ஆள், அவன் பெயரைத் துரை எழுதி வைக்கவில்லை என்று முதல் வரி. அதைக் கண்டுபிடித்தவன் நான் என்று அடுத்த வரி. என் பெயரை டைப் அடிக்க வேண்டாம். கையெழுத்தையே அச்சில் போடுங்கள். பொட்டு விட்டுப்போகக் கூடாது.