மூன்று சுற்று

அத்தானுக்கு வேலை லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசிப் பேசியே குரல் பதமாகிவிட்டது. "பயப்படாதீங்கம்மா, இதோ ஆச்சு" என்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரிப்பார். அவ்வளவு பொறுமைசாலி, மொட்டைமாடிக்குப் போனால் மட்டும் வேறு ஆள். அங்கே முப்பது பந்தயப் புறாக்கள் இருந்தன.

பந்தயத்துக்குப் போய்த் திரும்பாத புறாவை 'தொலைஞ்சுபோச்சு' என்று அவர்கள் கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். 'வரல' என்பார்கள். தொலைவது சாவி, குடை. புறாவுக்கு வழி தெரியும். தெரிந்தும் வராவிட்டால் குணக்கேடு. பருந்து அடித்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நல்ல புறா பருந்துக்கே தண்ணி காட்டிட்டு வந்துரும்" என்றார் அத்தான். அந்தக் குணம் ரத்தத்தில் இறங்குமாம். அதனால் வராததன் குஞ்சுகளையும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. கறிக்கடைக்குப் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் பொட்டுக்காரி வரவில்லை. நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த பெட்டை. நாலு வருஷமாக ஒரு பந்தயமும் தவறாதவள். கூட்டில் அவளுடைய குஞ்சுகள் இரண்டு, இறகு பாதி முளைத்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தன.

"ஓடுகாலி. சோறு போட்ட இடத்தை மறந்துட்டா" என்று அத்தான் சாப்பிடும்போதெல்லாம் திட்டினார். பரிமாறிய அக்கா தட்டைப் பார்த்தபடி நின்றாள்.

திங்கட்கிழமை கீழ்வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி அழுதாள். ஞாயிற்றுக்கிழமையே பொட்டுக்காரி வந்திருக்கிறாள். எதிர்க்காற்று, இரண்டு மணிக்கு முன்னால் ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு அத்தான் அவசர வேலையாகப் போயிருந்தார். மாமியார் படுக்கையை நனைத்துவிட, அக்கா விரிப்பை அலசி மாடிக் கொடியில் போட்டுவிட்டாள். பந்தய நாளில் மாடியில் ஒரு கைக்குட்டைகூட ஆடக்கூடாது; புறா மிரண்டு இறங்காமலே போய்விடும்.

"போய்ச் சொல்லேன்."

"ஒரு மாசம் முகம் குடுத்துப் பேசமாட்டார்டி."

வியாழக்கிழமை காலை, அத்தானின் பந்தயக் கூட்டாளி சலூன்காரர் கூடையோடு வந்தார். கறிக்கடை அவர் கடைக்கு அடுத்த கடை. நானும் அக்காவும் பின்னாலேயே மாடிக்குப் போனோம். அத்தான் ஒரு குஞ்சைக் கூடைக்குள் விட்டுவிட்டு, மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துத் தொலைடா. இதுவும் நாளைக்கு அம்மா மாதிரி ஊர் சுத்தப் போயிரும்."

"தெரியும்டா. கைக்குக் கதகதப்பா இருக்கு, அதான்."

"கூடையை மூடாதீங்கண்ணே" என்றாள் அக்கா. "அவ அன்னிக்கு வந்துட்டுத்தான் போனா."

மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விரிப்பு காற்றில் பேயாட்டம் ஆடியது, தான் ஓடிப்போய் உருவுவதற்குள் அவள் பயந்து பறந்துபோனது, எல்லாம்.

"ஏம்மா, புறா வளர்க்குற வீட்டுல இப்படியா..." என்று சலூன்காரர் ஆரம்பித்தார். அத்தான் கையமர்த்தினார்.

"எத்தனை சுத்து சுத்துனா?"

"மூணு."

"உசரத்துலயா?"

"இல்லங்க, தாழ. கடைசிச் சுத்துல இறங்குறதுக்குக் கால்கூடத் தொங்கப்போட்டுட்டா."

"மணி?"

"பன்னெண்டே கால். அத்தைக்கு மாத்திரை குடுக்குற நேரம்."

சலூன்காரர் தொண்டையைச் செருமினார். அவருடைய புறா ஒன்றே முக்காலுக்கு இறங்கித்தான் பந்தயத்தை ஜெயித்திருந்தது.

அத்தான் கூடைக்குள் கைவிட்டு முதல் குஞ்சையும் எடுத்துக்கொண்டார். "அவ வந்துட்டாடா. எங்க வீட்டுலதான் வரவேற்பு சரியில்ல."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"நாலு நாளா இதை எப்படி உள்ளயே வச்சிட்டிருந்த?" என்று கேட்டார், லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம் பேசுகிற அதே குரலில்.

"நீங்க அவளைத் திட்டுறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அத்தான் குஞ்சுகளைக் கூட்டில் விட்டுத் தண்ணீர் மாற்றினார்.

காலிக் கூடையோடு படியிறங்கிய சலூன்காரர் பாதியில் நின்றார். "டேய், பன்னெண்டே கால்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதே. ஒருத்தனும் நம்பமாட்டான்."

"சொல்லுவேன்" என்றார் அத்தான்.