சீயோன் என்ற திராட்சை ஊரில் என் மகள்

1967 பிப்ரவரி 18, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு எங்கள் ரயில் சிம்ப்ளான் மலைச்சுரங்கத்துக்குள் நுழைந்தது. எதிர் இருக்கையில் இருந்த இத்தாலியக் கொத்தனார் பத்து விரல்களையும் இரண்டு முறை விரித்துக் காட்டி, "கிலோமீட்டர்" என்றார். இருபது கிலோமீட்டர் இருட்டு! நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டரை மைல். ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் வழியில் பாதி தூரத்தை மலையின் வயிற்றுக்குள்ளேயே கடப்பது போல. வெளியே வந்ததும் கண் கூசியது. இரண்டு பக்கமும் பனி போர்த்திய மலைகள், நடுவில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஓடும் ரோன் நதி. கொத்தனார் என் தோளைத் தட்டி, தான் கடித்துக்கொண்டிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். ஜெனோவா துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து ஒன்றும் சாப்பிடாத என் முகத்தை அவர் கவனித்திருக்க வேண்டும்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் இல்லை. ஓசூரில் பள்ளி ஆசிரியன். தளி சாலையில் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். என் மகள் அருள்மேரி கிருஷ்ணகிரியில் நர்ஸ் வேலை பழகி, மூன்று வருஷத்துக்கு முன் கன்னியாஸ்திரிகள் மூலமாக இந்தப் பனிமலை நாட்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த கடிதத்தில், "மார்செல் என்று ஒருவர். திராட்சைத் தோட்டக்காரர். அவரைக் கல்யாணம் செய்துகொள்ள உங்கள் சம்மதம் வேண்டும்" என்று எழுதியிருந்தாள். என் மனைவி தெரசா அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கவில்லை. "போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. அங்க நின்னு பேசிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். அதனால்தான் பம்பாயில் கப்பல் ஏறும்போதே, திரும்பும் பயணத்துக்கு இரண்டு படுக்கைகள் சொல்லி வைத்திருந்தேன். ஏடன், சூயஸ் வழியாகப் பதின்மூன்று நாள் கடல். அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் அந்தப் பதின்மூன்று நாளும் மனசுக்குள் பேசிப் பார்த்தேன்.

மாலை ஐந்து மணி சுமாருக்கு ரயில் நின்றது. நிலையப் பலகையில் இருந்த ஊர்ப் பெயரை நம் வேதாகமத்துச் சீயோன் என்றே வாசித்தேன். அருள்மேரி சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு போட்டு நின்றாள். பக்கத்தில் அவன் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"தனியாத்தான் வந்தேம்ப்பா. நீங்க மொதல்ல ஊரைப் பாருங்க, அப்புறம் ஆளைப் பாக்கலாம்" என்றாள்.

ஊரைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகான ஊர். ஊருக்கு நடுவே இரண்டு பாறைக்குன்றுகள் எழுந்து நிற்கின்றன. ஒன்றின்மேல் கோட்டை போல மதில் சூழ்ந்த மாதா கோயில், மற்றதில் இடிந்த அரண்மனை. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையை இரண்டாக வெட்டி வைத்த மாதிரி இருந்தது. மழையும் நம் பக்கம் போலக் குறைவுதானாம். ஆனாலும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சை. ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிச் சுவர் கட்டி, சுவருக்கு மேல் சுவராகப் படிகள் அமைத்து, ஒவ்வொரு படியிலும் கொடி நட்டிருக்கிறார்கள். மேலே பனிமலையில் உருகும் தண்ணீரை, செங்குத்தான பாறையில் மரவாய்க்கால் தொங்கவிட்டு, மைல் கணக்கில் இழுத்து வந்து பாய்ச்சுகிறார்கள். அந்த வாய்க்காலைக் கட்டும்போது ஆட்கள் விழுந்து செத்ததும் உண்டு என்றாள் மகள். ஒரு கொத்துப் பழத்துக்கு இவ்வளவு பாடுபடும் ஜனங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு விடுதி அறை, காலைக் காப்பியும் ரொட்டியும் சேர்த்து நாளுக்கு ஒன்பது பிராங்க். ஒரு பிராங்க் என்பது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ரூபாய். நர்ஸ்கள் விடுதியில் ஆண்களை விட மாட்டார்கள்.

பிப்ரவரி 21, செவ்வாய். மார்செல் பனிக்காலத்தில் மலைமேல் வேலை செய்கிறான். கட்டையில் சறுக்கி விளையாட வருகிறவர்கள் விழுந்து அடிபட்டால் தூக்கி வருவது அவன் வேலை. அவனை வேலையிடத்திலேயே, அவனுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். மகள் வேலைக்குப் போனபின், மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் இரண்டு பிராங்க் இருபதுக்குச் சீட்டு வாங்கி ஏறினேன். ஒரு மணி நேரம், வளைவுக்கு வளைவு வாய்க்குள் ஜெபம்.

மேலே போய்ப் பார்த்தால் குழந்தைகள், கிழவர்கள், பெண்கள் எல்லோரும் காலில் நீளக் கட்டைகளை மாட்டிக்கொண்டு வெள்ளைச் சரிவில் பறவை மாதிரி இறங்குகிறார்கள். அறுபது வயது அம்மாள் ஒருத்தி என்னைக் கடந்து போனபோது சிரித்துவிட்டுப் போனாள். நான் வாய் பிளந்து பார்த்தபடி இரண்டு அடி முன்னால் வைத்தேன். காலில் செருப்பல்ல, பெங்களூரில் வாங்கிய தோல் ஷூதான், ஆனால் அடியெல்லாம் வழுவழு. அவ்வளவுதான். உட்கார்ந்த நிலையில் முப்பது நாற்பது அடி போனேன். வலது கணுக்கால் ஒரு கம்பத்தில் மோதியது.

விசில் ஊதினார்கள். சிவப்புக் கோட்டு போட்ட ஒருவன் மேலிருந்து ஒரே கோடாக வந்து நின்றான். என் வேட்டியைப் பார்த்தான். கம்பளி உள்ளாடைக்கு மேல் வேட்டிதான் கட்டியிருந்தேன். என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் சிவந்துபோயிற்று. யார் என்று தெரிந்துகொண்டான். நானும் தெரிந்துகொண்டேன். என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, கட்டுப் போட்டு, தகரச் சறுக்குவண்டியில் படுக்கவைத்து, கம்பளியால் சுற்றி வார் போட்டு இறுக்கினான். பிறகு குனிந்து என் காதருகில் தமிழில் சொன்னான்:

"கைய உள்ள வைங்க."

எங்கள் பஸ் கண்டக்டர் சொல்வது போலவே இருந்தது. மகளிடம் பழகிய கிருஷ்ணகிரிப் பேச்சு! அந்தக் குளிரிலும் வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவனைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல ஏழு கடல் தாண்டி வந்தேனோ, அவனே முன்னால் பிடித்து இழுக்க, நான் குழந்தை மாதிரி கட்டுண்டு மலையிறங்கினேன். ஒரு குலுங்கல் இல்லை.

ஆஸ்பத்திரியில் அருள்மேரி என்னைக் கண்டதும் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். "சொல்லாமக் கொள்ளாம ஏம்ப்பா போனீங்க? கழுத்து போயிருந்தா?" எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். பத்து நாள் கால் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். மூன்று மாடி ஏற முடியாது. வேறு வழியில்லாமல் மார்செலின் தாயார் வீட்டில், தோட்டத்தைப் பார்த்த கீழறையில் படுக்க வேண்டியதாயிற்று. கணவரை இழந்த அந்த அம்மாளுக்கு அவன் ஒரே பிள்ளை.

முதல் நாள் சாயங்காலம் அந்த அம்மாள், பாலாடைக்கட்டியின் பாதி வட்டத்தை நெருப்பருகே காட்டி உருக்கி, வழித்தெடுத்து, வெந்த உருளைக்கிழங்கின் மேல் போட்டுக் கொடுத்தார். நல்ல ருசி. கூடவே ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் தங்கள் தோட்டத்து வெள்ளைத் திராட்சை மது. மதுவிலக்கு நடக்கும் ஜில்லாவிலிருந்து வந்தவன் நான். திராட்சை பயிரிட்டும் அதன் மதுவைப் பூசையில் சாமியார் குடிப்பதைப் பார்த்ததோடு சரி. "தவக்காலம், நோன்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மகள் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"வெள்ளிக்கிழமை கறிதான் ஆகாதாம். இந்தப் பள்ளத்தாக்குல எந்தப் பிஷப்பும் இதை வேணான்னு சொன்னதில்லையாம்."

ஒரு வாய் குடித்தேன். புளிப்பும் கல்லின் வாசனையும். அவமரியாதை செய்யவில்லை என்ற திருப்தியோடு வைத்துவிட்டேன்.

மார்ச் 2, வியாழன். வெயில் அடித்தது. மார்செலுக்கு அன்று மலையில் வேலையில்லை, தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அரைமணி பார்த்தேன். ஒவ்வொரு கொடிக்கு முன்னாலும் நின்று, சுற்றிப் பார்த்து, பிறகே கத்தரிக்கிறான். அவசரமே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போய்க் கத்தரியை வாங்கி, எங்கள் ஊரில் எத்தனை கணு விடுவோம் என்று காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து என்றும் விரலால் காட்டினேன். அவன் நம்பவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அருள்மேரி விளக்கியதும் அவளிடம் ஏதோ கேட்டான்.

"உங்க ஊர்க் கொடி தூங்கறதே இல்லையான்னு கேக்கறாருப்பா."

"தூங்க விட்டா நாங்க எப்படிச் சாப்பிடறது?" என்றேன். அவன் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன்.

"மேரி, கல்யாணம் ஆனா ஓசூருக்கு வந்து இருப்பானான்னு கேளு."

"அப்பா! இதை நானே எப்படிக் கேக்கறது?"

"வேற யாரு இருக்கா இங்க?"

கேட்டாள். அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசினான். அவள் கல்சுவரைப் பார்த்தபடி, "வரமாட்டாராம்" என்றாள்.

"அவ்வளவு நேரம் பேசினது இந்த ஒரு வார்த்தையா?"

அவள் கண் துடைத்துக்கொண்டாள். "அம்மாவையும் இந்தச் சுவரையும் விட்டுட்டு வரமுடியாதாம். வர்றேன்னு பொய் சொல்லி உங்ககிட்டப் பொண்ணு வாங்க மாட்டாராம். இப்ப நீங்க கூப்பிட்டு நான் வந்துட்டேன்னா தடுக்க மாட்டாராம். ஆனா ஓசூருக்கே வந்து ஒரு தடவை கேப்பாராம், திரும்ப வர்றியான்னு."

வருகிறேன் என்று பொய் சொல்லியிருந்தால் சண்டை போட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். கப்பலில் தயார் செய்து வைத்த பேச்சையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டேன்.

அவனை வேலை பார்க்க விட்டுவிட்டு, சுவர்மேல் உட்கார்ந்து மகளிடம் கேட்டேன்: "உனக்கு இங்க அப்படி என்னம்மா பிடிச்சுப்போச்சு? ஊரா, ஆளா?"

"இங்க நான் எங்க போறேன் வர்றேன்னு யாரும் கேக்க மாட்டாங்கப்பா. மொதல்ல அது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆறு மாசம் போனதும் அழுகையா வந்துச்சு. அப்ப இவரு ஒருத்தருதான் கேட்டாரு, எங்க போறே, சாப்பிட்டியான்னு."

கீழே ரோன் நதி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. தெரசாவின் முகம் எனக்கு நினைவில் வந்தது. மார்செலைக் கூப்பிட்டு, கல்யாணம் ஓசூர்க் கோயிலில், மேரியின் அம்மா கண்ணெதிரே நடக்க வேண்டும், அதற்கு அவனும் அவன் தாயாரும் வந்தே ஆக வேண்டும் என்றேன். அருள்மேரி மொழிபெயர்க்க மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் கப்பல் கம்பெனிக்கு எழுதி ஒரு படுக்கையை ரத்து செய்தேன்.

மார்ச் 9, வியாழன், காலை 8.40 வண்டி. மார்செலின் தாயார் ரயில் நிலையத்துக்கு வந்து, வழிச்சாப்பாடு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். மகள் அழவில்லை, நானும் அழவில்லை. பிரிக் ஊர் தாண்டி வண்டி மலைக்குள் நுழைந்த பிறகு, இருட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அழுதேன்.

ஓசூர் வந்து சேர்ந்தபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து நான் தனியாக இறங்கியதைப் பார்த்த தெரசா பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். குன்றுகள், மரவாய்க்கால், கல்சுவர், நான் விழுந்தது, அவன் சொன்ன பதில், ஒன்று விடாமல். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. நதியும் மலையும் வறண்ட மண்ணும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், அங்கே தண்ணீர் மட்டும் பனியிலிருந்து வருகிறது என்று அவளுக்கு எப்படியாவது புரியவைக்கப் பார்த்துத் தோற்றேன்.

மூன்றாம் நாள் காலை, காப்பியை எதிரில் வைத்துவிட்டு நின்றாள்.

"ஏங்க, அந்தக் குளிருக்கு ரெண்டு கம்பளி போதுமா?"

"மேரிக்கா? அவகிட்ட இருக்கே."

"அவளுக்கில்ல," என்றாள். "அவ பிள்ளை பெறும்போது நான் போக வேண்டாமா?"