மூன்று சீட்டுகளும் ஒரு வளைகாப்பும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதம். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனியில் நான் டிரெய்னியாகச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தயாராகி வரும் சீட்டைக் கடைசியாகச் சரிபார்ப்பதுதான் என் வேலை. தையல், கைப்பிடி, பெல்ட் என்று பதினான்கு இடங்களைப் பார்த்து, ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் பதினான்கு டிக் போட வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிகம்.

படப்பையில் மூன்று பெண்கள் சேர்ந்து அறை எடுத்திருந்தோம். மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட். அடுப்பில் குழம்பு சூடாக இருந்தால் ஒருத்தி இப்போதுதான் கிளம்பியிருக்கிறாள் என்று புரிந்துகொள்வேன். வாரக்கணக்கில் எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

லைனுக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். நான் சும்மா இருப்பேனா? ஒரு நாள் போனை ஒளித்துக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு குரூப் டேப்லெட்டிலேயே தெரிகிற மாதிரி இணைத்துவிட்டேன். யாராவது மெசேஜ் போட்டால் திரையின் மேல்பக்கம் ஒரு பட்டை இறங்கும். அம்மா போடும் காலை வணக்கப் பூவைக்கூட விடாமல் பார்ப்பேன். எட்டு மணி நேரம் எனக்கு அதுதான் துணை.

அன்றைக்கு ஊரில் என் அக்காவுக்கு வளைகாப்பு. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. காலை பத்து மணியிலிருந்து படங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. அக்கா முகம் முழுக்கச் சந்தனம். நான் நிற்க வேண்டிய இடத்தில் சித்தி மகள் நின்று அக்காவுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். என் பட்டுப்புடவையைத்தான் கட்டியிருந்தாள். எனக்கு வயிறெரிந்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சட்டென்று சுயநினைவு வந்தபோது முன்னால் ஒரு சீட் நின்றது. அதற்கு முன்னால் போன மூன்று சீட்டுகளைப் பற்றி எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. ஆனால் டேப்லெட்டில் மூன்றுக்கும் எல்லாம் பச்சை. டிக் போடும் இடங்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால் விரல் அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது.

அடுத்த மாதம் என்னை நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மூன்றும் சரியாகவே இருக்கலாம். இல்லாவிட்டால்? யாரோ தன் குழந்தையோடு அதில் உட்காரப் போகிறார்கள்.

எனக்கு அடுத்து, ஆறடி தள்ளி நின்று சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டுபவள் என் வயதுக்காரி, மணிமங்கலத்துப் பெண். அதுவரை அவளிடம் நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

“கடைசி மூணு சீட்டை நான் பாக்கவே இல்ல. பாக்காமலே டிக் போட்டுட்டேன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “மூணும் இன்னும் இங்கதான் கீது. லாரில ஏறல. நீ கயித்த இழு, நான் உறைய பிரிக்கிறேன்.”

லைனை நிறுத்துவதற்கென்று தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்தேன். லைன் நின்று, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அந்த மணி ஒலித்தது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். முதல் சீட் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில், பெல்ட் பூட்டைப் பிடிக்கும் போல்ட்டின் மேல் வெள்ளைக் கோடு இல்லை. முறுக்கி இறுக்கினவர் போட வேண்டிய கோடு அது. சூப்பர்வைசர் போல்ட்டை விரலால் திருப்பினார். சுலபமாகச் சுற்றியது.

அவர் டேப்லெட்டைப் பார்த்தார். வாழையிலையில் லட்டு வைக்கும் படம் வந்து நின்றிருந்தது. “செக் பண்ற டேப்லெட்ல பந்தி நடக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நானே சொன்னதால் வேலை தப்பியது. நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. டேப்லெட்டில் செக் பண்ணும் திரையைத் தவிர வேறு எதுவும் திறக்காதபடி செய்துவிட்டார்கள். நானும் ரோஷம் வந்து போனிலேயே குரூப்பை சைலன்ட்டில் போட்டேன், நான்கு நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நான்கு நாளும் கண் தானாகத் திரையின் மேல்பக்கம் போகும். ஒன்றும் இறங்காது. மெஷின் சத்தத்துக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் அனுபவித்ததே இல்லை.

ஐந்தாம் நாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் குரூப்பைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை படித்தேன். வளையல், சீர், சித்தப்பாவின் முழங்கால் வலி, எல்லாம் இருந்தது. நான் எங்கே, ஏன் ஆளையே காணோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, நான் என்றைக்கு அதில் பேசினேன்? பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு படப்பை வரை அழுதேன்.

மறுநாள் உறை மாட்டுபவள் கேட்டாள்: “இன்னா, நேத்தும் சாப்பாட்டுக்கு வரல? ஒனக்கு எடம் புடிச்சி வெச்சினு இருந்தேன்.”

தினமும் இடைவேளையில் லாக்கர் பக்கம் போய், போனைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டுப் பழகியவள் நான். எத்தனை நாளாக இடம் பிடிக்கிறாள் என்று கேட்டேன். “நீ கயிறு இஸ்த்த நாள்லேந்து” என்றாள். அன்றிலிருந்து அவளோடுதான் சாப்பிட்டேன்.

போன வருஷம் கல்யாணமாகி அவள் வாலாஜாபாத் பக்கம் போய்விட்டாள். அவள் நின்ற இடத்துக்கு ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள். முதல் நாளே அவளிடம் ஊர் எது என்று கேட்டுவிட்டேன், கேட்காமல் விட்டால் அந்த ஆறடி தூரம் எவ்வளவு பெரிய தூரம் என்று எனக்குத் தெரியும்.