கனடா போகிற வழியில் ஒட்டுசுட்டான்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில், கனடாவுக்குப் போகிறேன் என்று கூடப் படித்தவர்களிடமெல்லாம் பயணம் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரான ஒட்டுசுட்டான் வரைக்கும் போய்த் திரும்பியவன் நான்.

எங்கள் வீடு புதுக்குடியிருப்புச் சந்தையிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம். அப்பாவின் அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். அதனால் வீட்டில் நாங்கள் 'ஆமா' என்போம். ரியூசன் வகுப்பில் எல்லாரும் 'ஓம்' என்பார்கள். போகிற வழியெல்லாம் சைக்கிளை மிதித்தபடி 'ஓம், ஓம்' என்று சொல்லிப் பழகுவேன். கண்டவர்கள் பக்தியான பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

ரியூசன் கொட்டிலில் நீட்டு வாங்குகள். ஒரு வாங்கில் ஐந்து பேர் இருக்கலாம். நான் போனால் மட்டும் நாலு பேர் அகலித்து இருந்து அதை நிரப்பிவிடுவார்கள். அடி இல்லை, ஏச்சு இல்லை, இடம்தான் இல்லை. ஒருத்தன் மட்டும் தன் கொப்பியை இழுத்துக்கொண்டு ஒரு சாண் அரக்கி இருந்து இடம் விடுவான். கச்சான் என்கிற நிலக்கடலை போடும் தோட்டக்காரரின் மகன். அந்த ஒரு சாணில் இருந்துதான் கேத்திரகணிதம் படித்தேன். பாதி உடம்பு அந்தரத்தில் இருந்ததால்தான் அது எனக்கு ஏறவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே எல்லாருக்கும் வெளிநாட்டில் ஒரு மாமாவோ அண்ணனோ இருந்தார்கள். சப்பாத்து, கைபேசி, கதை எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

"உனக்கு வெளியில ஆர் இருக்கினம்?" என்று ஒருநாள் ஒருத்தன் கேட்டான்.

எங்களுக்கு வெளியில் இருந்தது நாய் மட்டும்தான். ஆனால் வாய் முந்திவிட்டது. "சித்தப்பா. கனடாவில."

அன்றைக்கு இரண்டு பேர் அரக்கி இருந்தார்கள்.

அந்த இடத்தின் ருசிதான் என்னைக் கெடுத்தது. சித்தப்பா கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தார். வீடு வாங்கினார், கார் வாங்கினார், கடைசியில் என்னையும் கூப்பிட்டுவிட்டார். "எப்ப போறாய்?" என்றார்கள். "தை முடிய," என்றேன். அப்போது அது தொலைவில் இருந்த மாதம். மாதங்கள் கிட்ட வரும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

தை முடிந்தது. கொட்டிலில் கேக் வெட்டினார்கள். கச்சான் தோட்டக்காரரின் மகன் ஒரு பையை நீட்டினான். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தடித்த குளிர்ச்சட்டை, தொப்பியோடு.

"அண்ணன் சுவிசில இருந்து அனுப்பினவன். இஞ்ச இதை ஆர் போடுறது? நீ கொண்டு போ. அங்க குளிர் எலும்புக்குள்ள போகுமாம்."

எனக்கு அந்த வெயிலிலேயே எலும்புக்குள் போனது.

அதோடு விட்டிருக்கலாம். பஸ் ஏற்றிவிட வருவோம் என்று நின்றார்கள். வவுனியா பஸ், பகல் ஒரு மணி. "போட்டுக்கொண்டு ஏறடா, படம் எடுக்க," என்றார்கள். போட்டுக்கொண்டு ஏறினேன். "பனி ஒரு பிடி அனுப்பு," என்று ஒருத்தன் கத்தினான். நான் உண்மையாகவே அழுதேன். பிரிவு என்று அவர்கள் நினைத்தார்கள், பயமும் வேர்வையும்தான்.

கொண்டக்டர் வந்து, "எங்க?" என்றார்.

"ஒட்டுசுட்டான்," என்றேன், மெதுவாக.

அவர் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, ஒட்டுசுட்டானில அவ்வளவு குளிரோ?"

அங்கே இறங்கி, திரும்பி வந்த பஸ்ஸில் தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சட்டையை நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மாவிடம் பள்ளிக்கூடம், ரியூசன் இரண்டும் லீவு என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் நான் கனடாவில் இருந்தேன், எங்கள் வீட்டு அறைக்குள். சந்தைப் பக்கம் போவதில்லை. படலையில் சைக்கிள் மணி கேட்டால் கட்டிலுக்கு அடியில். கைபேசி அம்மாவுடையது; அது அடிக்கும்போதெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்குவேன். இன்னும் இரண்டு மாதத்தில் அதே பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் ஓஎல் சோதனை எழுத வேண்டும் என்பது ஒருநாள் பல் தீட்டும்போதுதான் உறைத்தது. பற்பசையை விழுங்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் அம்மா. அவர் அந்த மாதங்களில் கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போவார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தோட்டம்; எங்கேயாவது நான் வீட்டில் இருப்பதைச் சொல்லிவிட்டால்?

"இன்னைக்கு யாரு தோட்டம்மா?"

"ஒனக்கு எதுக்கு? புடுங்க வர்றியா?"

ஒருநாள் பின்னேரம் அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். மேலே செம்மஞ்சள் குளிர்ச்சட்டை. தொப்பிக்குள் கச்சான் இலை.

"வெள்ளன ஒரே பனி. மூட்டைக்குப் பின்னால சும்மாதானே கெடந்துச்சு," என்றார்.

கேட்கும்போது என் குரல் கீச்சிட்டது. "யாரு தோட்டம்?"

சட்டை தந்தவனின் வீட்டுத் தோட்டம்தான்.

"அந்த வீட்டுத் தம்பிதான் தேத்தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. சட்டையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. குளிருதா அம்மான்னு கேட்டுச்சு. நல்ல புள்ள."

"நீ என்ன சொன்ன?"

"மகன் குடுத்ததுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

இனி ஒளிந்து பயனில்லை. அந்த ஒரு சாண் இடமும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மறுநாள் ரியூசனுக்குப் போனேன். வழியில் 'ஓம்' பழகவில்லை, பொய் பழகினேன். விசாவில் பெயர் பிழை, கொழும்பில் அதிகாரி லீவு, சித்தப்பாவுக்குச் சுகமில்லை. மூன்றில் எதைச் சொல்வதென்று கொட்டில் வாசல் வரைக்கும் முடிவாகவில்லை.

உள்ளே நுழைந்தேன். "என்னடா, பிளேன் பிழையான பக்கம் திரும்பிட்டுதோ?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். நான் கடைசி வாங்கில் போய், வெறும் வாங்கின் நடுவில் இருந்தேன். அங்கே அகலித்து இருக்கவும் ஆளில்லை.

சட்டை தந்தவன் பிந்தித்தான் வந்தான். முன் வாங்கில் இடம் இருந்தது. பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து, கொப்பியோடு நின்றான்.

"மச்சான், விசாவில ஒரு சின்னப் பிரச்சினை..." என்று தொடங்கினேன்.

"சட்டை அம்மாவுக்கு அளவாத்தான் இருக்கு, அரக்கி இரு."