இரண்டு இழுப்பு

டாக்சியில் ஏறியதும் எங்கள் அதிகாரி அம்மா பெல்ட்டை மாட்டி, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கிறார். பிறகு இன்னொன்று. "பிச்சு எடுத்துடாதீங்கம்மா, ஓனர் என்னைத்தான் கேப்பாரு" என்கிறார் டிரைவர். "பிய்யுற பெல்ட்டுன்னா இப்பவே பிய்யட்டும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் பெப்பர்மின்ட் தேடுகிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பெல்ட் அம்மா.

வெளிநாட்டில் விமானம் ஓட்டப் படிக்கலாம். ஆனால் அந்தப் படிப்பு இங்கே செல்லுபடியாக வேண்டுமானால், அந்தப் பள்ளியை எங்கள் விமானத்துறை அலுவலகம் நேரில் பார்த்து அங்கீகரித்திருக்க வேண்டும். பார்க்கப் போகிறவர் இவர்; பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறவன் நான். எந்தப் பள்ளியிலும் வாசலில் பளபளவென்று நிற்கும் விமானங்களை இவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. "இதெல்லாம் நமக்காகக் குளிப்பாட்டி நிறுத்தினது. குளிக்காதது எங்கன்னு பாரு" என்பார். முழங்கால் வலியோடு விமானக் கொட்டகையின் கடைசி வரை நடப்பார்.

போன வருடம் ஒரு பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் போனோம். இவருடைய அண்ணன் மகன் படித்துக்கொண்டிருந்த பள்ளி. முதல் தடவை பார்த்து அனுமதி கொடுத்தவரும், நல்ல பள்ளி என்று அவனைச் சேர்த்துவிட்டவரும் இவர்தான். அண்ணன் இருந்த வீட்டை விற்று அனுப்பியிருந்தார். வேறு ஆளை அனுப்புங்கள் என்று மேலிடத்தில் இவர் கெஞ்சாத குறை. வேறு ஆள் இல்லை என்றார்கள்.

கொட்டகைக் கடைசியில் தார்ப்பாய் போட்டு ஒரு விமானம் நின்றது. அது மாதக்கணக்காக ஓய்வில் இருக்கிறது என்றார் மேலாளர். இவர் தார்ப்பாய்க்குள் கையை விட்டு இஞ்சின் மேல் வைத்தார். "ஓய்வுல இருக்கிறதுக்கு எதுக்குடா காய்ச்சல்?" என்று என்னைக் கேட்டார். மாணவர் இருக்கையின் பெல்ட்டை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் அது கையோடு வந்துவிட்டது. கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

வெளியே அண்ணன் மகன் நின்றிருந்தான். காலையில் அதை ஓட்டியவன் அவன்தான். "தெரியும் அத்தை. எல்லாரும் அதுலதான் பறக்கிறோம். இன்னும் ஒரு மாசம்தான், முடிச்சிடுவேன். அப்புறம் மூடுங்க" என்றான். இவர் அறிக்கையை எழுதி அனுப்பினார். அன்றைக்கே அங்கீகாரம் போயிற்று. அவன் படிப்பு அந்தரத்தில் நின்றது.

அந்தப் பள்ளி இன்னும் நடக்கிறது. வேறொரு நாடு அனுமதி கொடுத்துவிட்டது. "விழுந்துச்சா? ஒண்ணாவது விழுந்துச்சா, சொல்லு" என்று அண்ணன் போனில் கேட்டது எனக்கே கேட்டது. "விழலைண்ணே" என்றார் இவர். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. இந்த வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. நடக்காததை யாரிடம் காட்டுவது? எனக்கு அண்ணன் மேலும் கோபம் வருகிறது, மேலிடத்தின் மேலும் வருகிறது. இவருக்கு யார் மேலும் வருவதாகத் தெரியவில்லை. சாப்பாடு மட்டும் பாதியாகிவிட்டது.

போன வாரம் இன்னொரு பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். விமான நிலைய வாசலில், டாக்சி வரிசையில் எங்கள் முறைக்கு வந்த வண்டியை ஓட்டியவன் அந்த அண்ணன் மகன்.

"எங்க போகணும் மேடம்?" என்றான்.

இவர் வீட்டு முகவரியைச் சொன்னார், அவனுக்குத் தெரியாதது போல. முன் இருக்கையில் ஏறினார். அவன் பெல்ட் போடாமலே வண்டியைக் கிளப்பினான். இவர் அவன் குறுக்கே கையை நீட்டி, பெல்ட்டை எடுத்து மாட்டிவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். இவருடைய பெல்ட் வீடு வரும்வரை மாட்டாமலே தொங்கியது.