மிமூந்த் கறி வாங்கப் போனது

சொந்த நாட்டை விட்டு ஆண்ட்வெர்ப் நகரத்துக்கு வந்து முப்பத்தோரு வருஷமாகியும் மிமூந்த் ஒருநாள்கூடக் கறிக்கடை வாசலை மிதித்ததில்லை. காய், ரொட்டி, மல்லித்தழை எல்லாம் அவள் வாங்குவாள். கறி மட்டும் அவள் கணவர் அல்லாலின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். எந்தக் கடை என்று அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவருக்கு வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாலு வாய் சூப் குடிப்பார், அவ்வளவுதான். சாப்பிட்டால்தான் தேறுவார் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் கோதுமை ரவையை அவித்துச் செய்யும் குஸ்குஸ் என்றால் கட்டாயம் சாப்பிடுவார் என்று மிமூந்த் நம்பினாள்.

கறிக்கடைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஆண்கள் நிற்கும் வரிசை. முறை வந்ததும் எல்லார் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். அதனால் மகள் ஸிஹாமோடு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். ஒரு அலமாரித் தட்டு நிறைய ஹலால் கறிப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை. மிமூந்த் நாலாம் வகுப்போடு நின்றவள். ஒன்றில் பிறை, ஒன்றில் பள்ளிவாசல் மினாரா, ஒன்றில் வெறும் பச்சை வட்டம். எதை நம்புவது என்று தெரியாமல் எடுத்து எடுத்து வைத்தாள்.

ஸிஹாம் ஒரு பொட்டலத்தின் மேல் செல்போனைக் காட்டிப் பார்த்தாள். "இது சரியா இருக்கு யெம்மா, எடு. விட்டா நீ அந்த ஆட்டையே எழுப்பி விசாரிப்ப போல."

அந்த வெள்ளிக்கிழமை பெரிய தட்டில் குஸ்குஸைக் குவித்து, நடுவில் கறியை வைத்தாள். ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட்டு வருவார்கள். நடுவிலிருக்கும் கறியைப் பிரித்து அவரவர் பக்கம் தள்ளுவது அல்லாலின் வேலை. அவர் இடது கையில் கரண்டியைப் பிடித்து, எலும்பில்லாத அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டார்.

 ஹலால்தானா என்று சந்தேகப்படுகிறார், கேட்கத்தான் முடியவில்லை என்று மிமூந்த் நினைத்துக்கொண்டாள். குப்பைக்கூடையிலிருந்து பொட்டலத்தின் தாளை எடுத்துத் துடைத்து, முத்திரையைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வெள்ளி மினாரா போட்டதை வாங்கினாள். அன்றைக்கும் அப்படியே.

இனி அவர் வாங்கும் கடைதான் வழி. அவர் கொண்டுவரும் பைகளை மடித்து வைப்பது அவள் பழக்கம். பையில் அச்சடித்திருந்த கொம்பு ஆட்டைப் பலகையில் பார்த்துக் கடையைக் கண்டுபிடித்தாள். பின்னால் வந்த மூன்று பேரை முன்னே விட்டாள். கடைக்காரர் போஜெமா அவள் கையிலிருந்த பையைப் பார்த்து, யார் வீடு என்று கேட்டார். சொன்னாள். கத்தி நின்றது. அல்லாலின் நிலைமையை விசாரித்தார். அப்புறம், என்ன வேண்டும் என்று கேட்காமலேயே கழுத்துக்கறியை எடுத்துப் போட்டு, ஒரு நல்லி எலும்பையும் அறுத்து வைத்தார்.

"வாராவாரம் இதேதான், லல்லா," என்று மரியாதையாக விளித்துச் சொன்னார். " எலும்பு தீந்துருமேன்னு கடை தொறக்கு முன்னாடியே வந்து நிப்பாரு. இந்த வயசுல உமக்கு எலும்பு கேக்குதான்னு கேலி பண்ணுவேன். அதுக்கு அவரு, எனக்கில்லப்பா, வீட்ல இருக்கறவளுக்கு, அத உறிஞ்சுறப்ப மட்டும்தான் அவகிட்டேர்ந்து சத்தமே வரும்னுவாரு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். முக்காட்டுக்குள் மிமூந்தின் முகம் சுட்டது. ஒவ்வொரு வெள்ளியும் அந்த எலும்பு அவள் பக்கம் வந்து சேரும். அவருக்கு எலும்பு பிடிக்காது, அதனால் தள்ளிவிடுகிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் குஸ்குஸின் நடுவில் எலும்பை வைத்தாள். அல்லால் அதைக் கரண்டியால் தொட்டுப் பார்த்தார். தள்ளினார். இடது கைக்கு அடங்காமல் இரண்டு தடவை வழுக்கிப் போயிற்று. உதவப் போன கையை மிமூந்த் மடியில் இறுக்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை எலும்பு அவள் பக்கம் வந்து நின்றது. அவர் சாப்பிடாமல் அவளையே பார்த்தார்.

அவள் எடுத்து உறிஞ்சினாள். நன்றாகச் சத்தம் வரும்படி உறிஞ்சினாள். அவர் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. பிறகு தன் பக்கத்துக் குஸ்குஸில் கரண்டியை இறக்கினார்.